ஆடாத படம்

மூன்றாவது ஆணியும் வளைந்துவிட்டது.

அந்தோனிமுத்து அதைக் குறட்டால் பிடுங்கி, முதல் இரண்டும் கிடந்த சிரட்டையில் போட்டான். சுவரிலிருந்து ஒரு கை காரை பெயர்ந்து அவன் காலடியில் விழுந்தது. சுத்தியலின் முகத்தில் சுற்றியிருந்த சாக்குத் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாசலில் காவலுக்கு நின்ற பெண்சாதியைத் திரும்பிப் பார்த்தான்.

"சத்தம் வெளிய கேட்டுச்சா?"

"இங்க நிக்கிற எனக்கே கேக்கல," என்றாள் இருதயம்மா. "ஏங்க, படம் மாட்டுறதுல என்னங்க இவ்வளவு கள்ளத்தனம்?"

"எனக்கு ஆணி வளையிற சங்கதி பக்கத்துக் காம்பராவுக்குத் தெரியக்கூடாது. அவ்வளவுதான்."

பக்கத்துக் காம்பராவில் இருந்தவன் ஞானசீலன். இருதயம்மாவின் தங்கை பிரான்சிஸ்காவைக் கட்டியவன்; அந்தோனிமுத்துவுக்குச் சகலை. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசனில், வரிசையாக ஒட்டிக் கட்டிய பத்துக் காம்பரா லயத்தில், அக்காவும் தங்கையும் அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள். இந்தப் பக்கம் யாராவது தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு!" என்று குரல் வரும். பெண்கள் இருவருக்கும் அது பெரிய ஆறுதல். ஆண்களில் ஒருவனுக்கு மட்டும் அது எரிச்சல்.

எரிச்சலுக்குக் காரணம் ஒன்றிரண்டு அல்ல. அந்தோனிமுத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். மழையும் அட்டையும் அவனுக்குச் சொந்தம். ஞானசீலனுக்குத் தொழிற்சாலைக்குள் வேலை. காலில் சேறு படாது, சட்டையில் தேயிலை வாசம் வேறு. மாமனார் வீட்டில் கோழி அடித்தால் மூத்த மருமகனுக்குக் கழுத்தும் இளைய மருமகனுக்குத் தொடையும் போய்ச் சேரும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் பன்னிரண்டு வருடமாக ஒருவனுக்கே கழுத்து வந்துகொண்டிருந்தால் அவனுக்கு எப்படி இருக்கும்?

இப்போது அந்த எரிச்சலெல்லாம் ஒரு படத்தில் வந்து நின்றது.

வருடத்துக்கு ஒரு தடவை, திரு இருதயத் திருநாளுக்கு, பதுளையிலிருந்து சாமியார் தோட்டத்துக் கோயிலுக்குப் பூசை வைக்க வருவார். பூசை முடிந்ததும் லயத்துக்கு ஒரு வீடு என்று போவார். அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் திரு இருதய ஆண்டவர் படத்தை மந்திரித்து, செபம் சொல்லி, உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிப்பார். அவ்வளவுதான் விசயம். ஆனால் அந்த ஒரு கோப்பைக்குப் பிறகு அந்த வீட்டுக்காரன் வருடம் முழுக்க லயத்தில் பெரிய மனிதன். கல்யாணமோ சாவோ, எங்கே போனாலும் "சாமி வந்த வீட்டுக்காரரு" என்று முதல் பாய் அவனுக்குத்தான் விரிப்பார்கள்.

அந்தோனிமுத்துவின் காம்பராவுக்குச் சாமி வந்ததே இல்லை. எப்போதாவது வருவார் என்று ரோசாப்பூப் போட்ட கோப்பை ஒன்றும் தட்டு ஒன்றும் வாங்கி, பழைய பேப்பரில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தான். இரண்டு வருடமாக அதில் யாரும் தேத்தண்ணி குடித்ததில்லை. அவனும்தான்.

இந்த வருடம் எந்த வீடு என்பதை, கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார்தான் முடிவு செய்வார். திருநாளுக்கு முன் கோயிலில் நடக்கும் ஒன்பது நாள் செபத்தின் முதல் நாளிலேயே அவர் எழுந்து நின்று சொல்லிவிட்டார்.

"போன வருசம் கீழ் டிவிசன்ல சாமி செபம் சொல்லிக்கிட்டு இருக்கையிலயே படம் கழண்டு தேத்தண்ணிக் கேத்தல் மேல விழுந்துச்சு. சாமியோட அங்கி பூரா தேத்தண்ணி. இந்த வருசம் அந்த மானக்கேடு வேணாம். சனிக்கிழம நானே வீடு வீடா வந்து படத்தப் புடிச்சு ஆட்டிப் பாப்பேன். ஆடாம அசையாம எது நிக்கிதோ, அந்த வீட்டுக்குத்தான் சாமி."

இந்த லயத்தில் கண்ணாடி போட்ட திரு இருதயப் படம் இரண்டே இரண்டு காம்பராவில்தான் இருந்தது. போன மாதமே பதுளைக் கடைவீதியில் ஜௌபர் நானாவின் கடையில் அந்தோனிமுத்து பொன்னிறப் பிரேம் போட்ட படம் ஒன்றை வாங்கி வந்தான். அடுத்த வாரமே ஞானசீலனும் அதே கடைக்குப் போய் அதே படத்தை வாங்கி வந்தான். ஒரு சாண் பெரியது!

ஒரே ஒரு ஆறுதல், அந்தப் பெரிய படம் இன்னும் தரையில் கிடந்தது. டிரங்குப் பெட்டியில் சாய்த்து வைத்திருந்தார்கள். காரணம், இந்த லயத்திலேயே சுத்தியல் வைத்திருந்த ஒரே ஆள் அந்தோனிமுத்து. போன வாரம் பிரான்சிஸ்கா வாசலில் வந்து நின்று, "மச்சான், சுத்தியலக் கொஞ்சம் தாங்களேன்," என்று கேட்டபோது அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "காம்பு கழண்டு போச்சே புள்ள," என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அதனால் அவன் ஆணி அடிக்கும் வேலையையும் அவர்கள் இல்லாத நேரத்தில்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கும் வழி கிடைத்தது. செபத்துக்கு மணி அடித்ததும் ஞானசீலனும் பிரான்சிஸ்காவும் தவறாமல் கோயிலுக்குப் போய்விடுவார்கள். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு அந்தோனிமுத்து வீட்டிலேயே நின்றுகொண்டான்.

அன்று நான்காவது ஆணி எப்படியோ பாதி இறங்கியது. படத்தை மாட்டினான். இரண்டடி பின்னால் நகர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு அழகு பார்த்தான்.

படம் விழுந்தது.

கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் விட்டது. இருதயம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாத்தீங்களா, நாலு விரல் நீள ஆணிக்கு இந்தக் கனம் தாங்குமாங்க? ஞானசீலன் தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன? தொழிற்சாலையில தச்சுவேல பாக்குற பாஸ்மாருங்க செய்யிறத அது பாத்திருக்கும்."

"அவன் படமே தரையில கெடக்கு. அவன்கிட்ட நான் கேக்கணுமா?" என்றான். அதைச் சொல்லும்போதே அவனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பதுளைக்குப் போனான். ஜௌபர் நானா விரிசல் விட்ட கண்ணாடியைப் பார்த்தார். அவனையும் ஒரு தடவை பார்த்தார்.

"ஒங்கட சுவர் என்ன சுவர் தம்பி?"

"லயத்துச் செவுரு நானா. உள்ள களிமண்ணு, மேல சுண்ணாம்புக் காரை."

"அதுக்குப் போய்ச் சின்ன ஆணி அடிச்சிரிக்கீங்களே. காரையில மட்டும் நிண்டா கழண்டு வராம என்ன செய்யும்? ஆணி உள்ளுக்குப் போய் மண்ணைப் புடிக்கணும். இந்தா, அஞ்சு அங்குலம். தலைய ரெண்டு விரக்கட வெளிய உட்டுட்டு, கொஞ்சம் மேல பாத்த மாதிரி அடிங்க. கயித்தக் கட்டாதீங்க, கம்பி கட்டுங்க. படம் விழுந்தா என்ட கடைய மூடிட்டுப் போறன்."

புதுக் கண்ணாடியும் கம்பியும் ஆணியும் வாங்கிக்கொண்டு புறப்பட்ட அந்தோனிமுத்து, வாசல்வரை போய்த் திரும்பி வந்தான்.

"நானா, எங்க சகலை இங்கதான் படம் வாங்குனான். பெரிய படம். ஆணி ஏதும் வாங்கிட்டுப் போனானா?"

"அவர் ஆணியே கேக்கல்லியே. படத்த மட்டும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போனாரு."

அந்தோனிமுத்து பஸ்ஸில் தெமோதரை வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தான்.

அன்று மாலை கோயில் மணி அடித்தது. பக்கத்துக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்தோனிமுத்து சாக்குத் துண்டைச் சுற்றி, அஞ்சு அங்குல ஆணியை அடித்தான். அது முதலில் முரண்டு பிடித்தது, பிறகு சட்டென்று வழுக்கிக்கொண்டு போனது. தலையை இரண்டு விரற்கடை வெளியே விட்டுவிட்டு நிறுத்தினான். படத்தை மாட்டி, நூறுவரை எண்ணினான். விழவில்லை. இருதயம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு நூறு எண்ணச் சொன்னான். அப்போதும் விழவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து ரோசாப்பூக் கோப்பையை எடுத்துத் துடைத்து, திரும்பவும் சுற்றி வைத்தான்.

அந்தச் சந்தோசம் ஒரு ராத்திரிதான் நீடித்தது.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் பக்கத்துக் காம்பரா வாசலைப் பார்த்தான். கால் நின்றுவிட்டது.

ஞானசீலனின் படம் சுவரில் இருந்தது.

லேசாக முன்னுக்குச் சாய்ந்து, எப்போது விழலாம் என்று யோசிக்கிற மாதிரிதான் தொங்கியது. ஆனாலும் தொங்கியது. அந்தோனிமுத்து வந்த வழியே திரும்பி வீட்டுக்குள் ஓடினான்.

"ராத்திரி பக்கத்துல ஆணி அடிச்ச சத்தம் கேட்டுச்சா?"

"இல்லியே," என்றாள் இருதயம்மா.

"விடியக்காலம்?"

"இல்லங்க. தங்கச்சி கூட்டுமாத்தால கூட்டுற சத்தந்தான் கேட்டுச்சு. செவுத்து மண்ணு உதிருதாம், கறையான் புடிச்சிருக்கும்னு சொல்லிச்சு."

"கறையானா? நல்லாப் புடிக்கட்டும்," என்றான் அந்தோனிமுத்து. அன்று மலையில் அவன் வெட்டிய வெட்டில் தேயிலைச் செடிகள் நடுங்கின. சுத்தியல் இல்லை. ஆணி இல்லை. சத்தம் இல்லை. தும்மல் கேட்கிற சுவரில் ஒருவன் சத்தமே வராமல் எப்படி ஆணி அடிப்பான்?

சாய்ந்துதானே நிற்கிறது, சனிக்கிழமை உபதேசியார் தொட்டதும் விழுந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அதே சமயம் தன்னுடைய படமும் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் வெளியே நிற்பதுபோல் பட்டது. செவ்வாய்க்கிழமை மாலை மணி அடித்ததும் ஆணியை இன்னும் ஒரு விரற்கடை உள்ளே இறக்கினான். படம் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. மனதுக்கு நிறைவாக இருந்தது.

புதன்கிழமை காலையில் பார்த்தால், பக்கத்துப் படம் நெட்டுக்குத்தலாக நின்றது. சாய்வு இல்லை. அதுமட்டுமா? காகிதப் பூமாலை ஒன்றும் அதே ஆணியில் சேர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று அந்தோனிமுத்து, தண்ணீர் விழும் பீலியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஞானசீலனிடம் போனான். சிரிப்பை எங்கிருந்தோ வரவழைத்து முகத்தில் ஒட்டிக்கொண்டான்.

"என்ன சகல, படம் மாட்டியாச்சு போல."

"ஆமாண்ணே," என்றான் ஞானசீலன். அவன் எப்போதும் போல நல்ல பிள்ளையாகவே சிரித்தான். அந்தோனிமுத்துவுக்கு அதுதான் தாங்காது.

"நல்லா நிக்கிதே. எப்புடி மாட்டுனே?"

ஞானசீலன் அக்கம்பக்கம் பார்த்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அத இப்பச் சொல்லக்கூடாது. சாமி வந்தப்பறம் சொல்றேன். பிரான்சிஸ்கா நேந்துக்கிட்டிருக்கு."

"ஆணி அடிக்கிறதுக்கு நேத்திக்கடனா?"

"சாமி வரட்டும்ணே," என்று சொல்லிவிட்டு ஞானசீலன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

தன்னை மட்டம் தட்டத்தான் அவன் அப்படிச் சொன்னான் என்பதில் அந்தோனிமுத்துவுக்குத் துளியும் சந்தேகமில்லை. தொழிற்சாலையில் ஏதோ மிசின் இருக்கிறது. சத்தமில்லாமல் ஆணி இறக்குகிற மிசின். வெள்ளைக்காரன் விட்டுப் போயிருப்பான். அதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு நேத்திக்கடன் என்கிறான்.

வேலை முடிந்ததும் நேரே தெமோதரை ஸ்டேசனுக்கு நடந்தான். அங்கே ரெயில் ரோட்டில் வேலை செய்யும் ரெங்கசாமி அவனுக்குப் பழக்கம். கதை முழுவதையும் கேட்ட ரெங்கசாமி தலையைச் சொறிந்தான்.

"ஒங்க படம்தான் விழாம நிக்கிதே. அப்பறம் என்ன?"

"அவன் படத்துக்கு மாலை வேற தாங்குது. எனக்கு அதவிட உறுதியா வேணும். உபதேசியாரு தொங்கினாக்கூடக் கழலக்கூடாது."

"அப்ப ஒத்த ஆணி போதாது. பெரிய படத்துக்கு ரெண்டு ஆணி, ரெண்டு பக்கமும் கம்பி. அப்பத்தான் ஆடாது." ரெங்கசாமி உள்ளே போய், துருப்பிடித்த பழைய ஆணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு சாண் நீளம், கட்டைவிரல் பருமன். "கழிச்சுப் போட்டது. முந்தி தண்டவாளத்துல இருந்துச்சு. ரெயிலையே புடிச்சுக்கிட்டிருந்த ஆணி, ஒங்க படத்தப் புடிக்காதா?"

வியாழக்கிழமை மாலை. மணி அடித்தது. பக்கத்துக் கதவு சாத்திக்கொண்டது. முதல் ஆணிக்கு ஒரு முழம் தள்ளி அந்தோனிமுத்து ரெயில் ஆணியை இறக்கினான். ஒவ்வொரு அடிக்கும் தகரக் கூரை அதிர்ந்தது. காரை பாளம் பாளமாகப் பெயர்ந்தது. இருதயம்மா காதைப் பொத்திக்கொண்டு, "செவுரு விழப்போகுதுங்க!" என்று கத்தினாள்.

"விழட்டும். படம் விழாது!"

விழவில்லைதான். இரண்டு ஆணியிலும் கம்பி கட்டி மாட்டிய படத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. சுற்றிலும் சுவர் மட்டும் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகியிருந்தது.

"இன்னைக்கும் கோயிலுக்குப் போகல," என்றாள் இருதயம்மா, காரையைக் கூட்டி அள்ளிக்கொண்டே. "ஆண்டவர் படத்துக்காக ஆண்டவரையே மறந்தாச்சு."

"சாமி வந்து ஒக்காரட்டும். அப்ப ஒங்க எல்லாருக்கும் சேத்து செபம் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலையில் அவன் பக்கத்து வாசலைப் பார்க்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு புறப்பட்டான். பார்த்தான்.

சுவரில் இரண்டு படம்!

திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாதா படம். சும்மா மாதா படமும் இல்லை, மாமனார் வீட்டில் முப்பது வருடமாக இருந்த மாதா படம். நியாயமாக மூத்த மகளுக்கு வரவேண்டியது.

"ஒங்கப்பா எப்பக் குடுத்தாரு அத?" என்று வீட்டுக்குள் வந்து குதித்தான்.

"நேத்து ராத்திரி தங்கச்சி ஓடிப்போய் வாங்கிட்டு வந்துச்சு. மாட்ட எடம் கெடச்சிருச்சு, மாதா படத்தத் தாங்கன்னு கேட்டுச்சாம். அப்பா குடுத்துட்டாரு. எதுக்குன்னு கேட்டா, சாமி வந்தப்பறம் சொல்றேங்குது."

"ஒனக்குக் கோவமே வரலையா?"

"எதுக்குங்க கோவம்? சுவரு ஒண்ணுதானே. மாதா நமக்கும் பக்கத்துலதான இருக்காங்க," என்றாள் இருதயம்மா. இப்படிப்பட்ட பெண்சாதியை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி நிம்மதியாகப் பொறாமைப்படுவது?

சனிக்கிழமை மத்தியானம் உபதேசியார் வந்தார். குடையைச் சுவரில் சாத்திவிட்டு, முதலில் அந்தோனிமுத்துவின் படத்தைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. இழுத்தார். அசையவில்லை. அந்தோனிமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"உறுதியாத்தான் இருக்கு," என்றார் உபதேசியார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். "ஆனா இது படம் மாட்டுன செவுரா, பன்றி கெளறுன கெழங்குப் பாத்தியா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பக்கத்துக் காம்பராவுக்குப் போனார். அந்தோனிமுத்து தன்னுடைய படத்தின் முன்னாலேயே நின்று, கைகளைக் கூப்பிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மனமுருகி வேண்டினான். ஆண்டவரே, அந்தப் படம் விழட்டும்.

அப்போது அவன் கண் முன்னால் அவனுடைய படம் தானாக ஆடியது.

யாரும் தொடவில்லை. காற்று இல்லை. படம் மெல்ல இப்படியும் அப்படியும் ஆடி, நின்றது.

"இருதயம், பாத்தியா? ஆண்டவரு எனக்குத் தலையாட்டுறாரு!"

இருதயம்மாவும் பார்த்துவிட்டாள். "ஆமான்னு ஆட்டுனாரா, இல்லைன்னு ஆட்டுனாராங்க?"

அதற்கான பதிலை உபதேசியார் கொண்டுவந்தார்.

"ரெண்டு வீட்டுலயும் படம் உறுதிதான், அந்தோனி. ஆனா அங்க போய்ப் பாரு. செவுத்துல ஒரு கீறல் இல்ல, ஒரு சுத்தியல் தழும்பு இல்ல, ரெண்டு படம். இது வரைக்கும் ஒரு நாள்கூட விடாம புருசனும் பொண்சாதியும் செபத்துக்கு வந்துட்டாங்க. நீ மொத நாளோட முழங்கால் வலின்னு நின்னவன். சாமி அங்கதான்."

அன்று இரவு அந்தோனிமுத்து சாப்பிடவில்லை. தன்னை நினைத்து அவனுக்கே வெட்கமாகவும் இருந்தது. சகலை மேல் ஆத்திரமாகவும் இருந்தது. இரண்டில் ஆத்திரம்தான் பெரியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. வெள்ளை அங்கி போட்ட சாமி லயத்துக்கு ஏறி வருகிறார் என்று எல்லாரும் வாசல் இஸ்தோப்பில் கூடி நின்றார்கள். பிரான்சிஸ்கா அவசர அவசரமாக அக்காவிடம் ஓடிவந்தாள்.

"அக்கா, சாமிக்குத் தேத்தண்ணி குடுக்க எங்க வீட்டுல நல்ல கோப்ப இல்ல. அந்த ரோசாப்பூக் கோப்பயக் கொஞ்சம் தாவேன்."

இருதயம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பேப்பரைப் பிரித்தாள். கோப்பையையும் தட்டையும் தங்கையின் கையில் கொடுத்தாள். அந்தோனிமுத்து கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடமாகக் காத்திருந்த கோப்பை, அடுத்த வீட்டுக்குப் போகிறது.

பெண்கள் இருவரும் போய்விட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சாமியின் குரல் கேட்டது. "பிதா சுதன் பரிசுத்த ஆவி" என்று சொல்ல, லயமே "ஆமென்" என்றது.

அந்தோனிமுத்து எழுந்தான். படத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்தான்.

"என்னப் பாத்துத் தலையாட்டினீங்கல்ல ஆண்டவரே? போதும். இந்தச் செவுத்துல இனிமே ஒங்களுக்கு எடமில்ல."

குறட்டை எடுத்து அந்த அஞ்சு அங்குல ஆணியின் தலையைக் கவ்விப் பிடித்தான். ஒரு வாரப் பொறாமையையும், பன்னிரண்டு வருடக் கோழிக் கழுத்தையும் சேர்த்து, ஒரே இழுப்பு இழுத்தான். ஆணி முழுசாகக் கையோடு வந்தது.

அடுத்த வீட்டில் ஒரு பெரிய சத்தம். கண்ணாடி நொறுங்கியது. பெண்கள் "ஐயோ சாமி!" என்று அலறினார்கள்.

ஒரு கணம் அந்தோனிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. சகலையின் படம் விழுந்துவிட்டது! சாமி முன்னாலேயே விழுந்துவிட்டது! அவனுக்கு ஆணி கையில் இருப்பதுகூட மறந்துபோயிற்று. குதித்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்கு ஓடினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

திரு இருதயப் படம் தரையில் கிடந்தது. மாலை சாமியின் தோளில் கிடந்தது. ரோசாப்பூக் கோப்பை நாலு துண்டாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவன் சந்தோசம் பாதியாகக் குறைந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. உபதேசியாரின் முகம் மட்டும் செத்துப்போயிருந்தது.

சாமி அங்கியில் வழிந்த தேத்தண்ணியைத் துடைத்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். ஆணி இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன ஓட்டைதான் இருந்தது.

"இந்த வருசமுமா?" என்றார் சாமி. "யாரப்பா இந்த ஆணிய அடிச்சது?"

ஞானசீலன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தோனிமுத்து கழுத்தை நீட்டி, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். கடைசியில் அந்த மிசின் ரகசியம் வெளியே வரப்போகிறது.

பிரான்சிஸ்கா சாமியின் முன்னால் முழங்காலில் விழுந்து, அழுதுகொண்டே சொன்னாள்.

"யாருமே அடிக்கல சாமி, எங்க வீட்டுல சுத்தியலே கெடையாது, ஒரு ஆணி குடுங்க ஆண்டவரேன்னு கோயில்ல அழுதுட்டு வந்து பாத்தா செவுத்துலேருந்து தானா ஆணி மொளச்சு நின்னுச்சு, கொஞ்சம் நீளம் பத்தலன்னு கேட்டோம், செவ்வாக்கெழம இன்னும் ஒரு விரக்கட வந்துச்சு, மாதாவுக்கு நாங்க கேக்கவே இல்ல, அவரா மனசு வச்சு வியாழக்கெழம ஒரு ரெயில் ஆணியே குடுத்தாரு!"